நிமிடத்துக்கு நூற்றிருபது

மல்லாவி ஆசுப்பத்திரிப் பிரசவ அறையில்
பற்றறி மணிக்கூடு ஒன்று
பத்து மணி எட்டு நிமிடத்தில் நின்றபடி
இரண்டு வருடம் தொங்கியது.
தாண்டிக்குளம் தாண்டி ஒரு பென்ரோச் பற்றறி வருவதென்றால்
அது தங்கம், அல்லது யாருடையவோ சிறை.

சைக்கிள் கடைப் பிலேந்திரன்தான் மற்றதைக் கொண்டுவந்தான்.
மாங்குளத்தில் தண்டவாளம் கழற்றிய பாதையோரம்
இடிந்த குவாட்டர்ஸ் ஒன்றில் கிடந்த பெட்டி.
கண்ணாடி இல்லை. நாலை நாலு கோடாய்ப் போட்ட முகம்.
உள்ளே எலிக்குஞ்சுகள் ஐந்து.
"மிஸ், இதுக்குள்ளயும் பிரசவம்தான்" என்றான்.

மண்ணெண்ணெயில் கழுவினான்
(அப்போது ஒரு போத்தல் என்ன விலையென்று கேட்காதீர்கள்).
சுருள்வில்லுக்கு ஒரே மூச்சில் ஓடிப்போக ஆசை.
ஓடவிடாமல் ஒரு நங்கூரம்
சில்லின் ஒரு பல்லைப் பிடிக்கும், விடும்,
அடுத்ததைப் பிடிக்கும்.
அந்தப் பிடித்தலின் சத்தம்தான் டிக், டக்.
சோதனைச் சாவடி மாதிரி, என்றேன்.
"ஓம், ஆனா இது ஒழுங்கா விடும்."

ஊசல் ஒரு சாணும் இரண்டு விரலும்.
அந்த நீளத்துக்கு நிமிடத்துக்கு நூற்றிருபது தட்டு.
பங்குனி வெயிலில் கம்பி நீண்டு பின்தங்கும்;
அடி நட்டை அரைச்சுற்று ஏற்றவேண்டும்.
செல் விழுந்து சுவர் அதிர்ந்தால்
மறுநாள் நொண்டும்:
டிக்...... டக்டிக்...... டக்.
குளிசைப் பெட்டி அட்டையை மடித்து
இடது மூலையில் செருகுவேன்.

எங்கோ ஒரு தேவாலயத்தில் ஆடிய விளக்கை
ஒருவன் தன் நாடியைப் பிடித்து எண்ணினானாம்.
முதலில் ஊசலை அளந்தது நாடி.
பிறகுதான் நாடியை அளக்க ஊசல் வந்தது.
கதையோ நிசமோ, என் வேலைக்கு அது சரிவரும்.

செக்கன் முள் இல்லாத மணிக்கூடு.
என் கைக்கடிகாரமும் பற்றறிதான், லாச்சிக்குள் கிடந்தது.
மரக்குழலை வயிற்றில் ஊன்றி ஒரு காதைக் கொடுப்பேன்,
மற்றக் காது சுவருக்கு.
பிள்ளை மணிக்கூட்டை முந்தினால் நல்லம்.
சேர்ந்து நடந்தால் கவனம்.
மணிக்கூடு முந்தினால் டொக்டரைக் கூப்பிடு,
டொக்டர் இல்லையென்றால் டிராக்டரைக் கூப்பிடு.

தொண்ணூற்றாறில் கொழும்பு முள்ளைத் தள்ளியது,
பிறகு கொஞ்சம் இழுத்தது,
கடைசியில் அரைமணி முன்னே போய் நின்றது.
நாங்கள் தொடவில்லை.
எல்லை கடந்தவர்கள் எல்லாம்
அடையாள அட்டையைக் காட்டிவிட்டு மணிக்கட்டைத் திருகினார்கள்.
பாலிநகர் கோகிலவதியின் புருசன்
சாத்திரி கேட்கிறான் என்று வந்தான்:
"இரவு பதினொன்றே முக்கால், எந்த நேரம்?
ஒன்றில் பிள்ளை திங்கள். மற்றதில் செவ்வாய்."
அழுத நேரம், என்றேன்.
செவ்வாய் வேண்டாமென்று
திங்களை எடுத்துக்கொண்டு போனான்.

இரண்டாயிரத்தாறில் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பியது.
நாடு முழுக்க ஒரே மணி.
அந்த வருடம்தான் சண்டையும் திரும்பியது.

மணிக்கூட்டை நகர்த்த முதல் ஊசலைக் கழற்றவேண்டும்,
அது பிலேந்திரன் சொன்ன சட்டம்.
கோஸ் துணியில் சுற்றி என் பையில் வைத்தேன்.
பெட்டி வேறொரு டிராக்டரில் ஏறியது.
தருமபுரம் வரை கண்டேன்.
பிலேந்திரனையும் அவ்வளவு தூரம்தான்.

மாத்தளன். தறப்பாள். மணல்.
காயம் தைக்கும் நூலில் ஊசல்குண்டைக் கட்டி
தடியில் தொங்கவிட்டேன்,
ஒரு சாண், இரண்டு விரல்.
வில் இல்லை, பல் இல்லை, முகம் இல்லை.
தாயின் தங்கச்சி ஒரு விரலால் தட்டிவிட்டாள்.
சத்தமில்லாத ஊசலைக் கண்ணால் எண்ணவேண்டும்;
காதில் குழல், வெளியில் வேறு சத்தங்கள்.
ஒரு நிமிடம் ஆடினால் போதும் எனக்கு.

பிள்ளை முந்தியது.

பிறகு கொப்பியில் கட்டங்கள்.
நிறை: தராசு இல்லை.
நேரம்: விடிய முந்தி.