பேரிக்கட்டையில் ஒரு குழி

ரூவான் நகரில் துணியச்சுக் கட்டை செதுக்குகிறவள் நான்,
ஒனொரின் ஓவ்ரே.
பேரிமரம் எனக்குப் பிடிக்கும்.
உளிக்கு இடம் கொடுக்கும்,
மடத்தைப் பிடுங்க விடாது.

கட்டையில் ஒரு கொடி.
கொடி வளைந்து தன்னையே தொடுமிடத்தில்
மூன்றிதழ் லில்லி.
துணியில் சாணுக்கு ஒரு தடவை பூக்கும்.

அதிகாரி வந்தார், பட்டியலோடு.
"இது பூவல்ல, அரசன்" என்றார்.
கட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்;
அப்படியும் அரசன்தானாம்.
அவர் கைமடிப்பின் உட்புறம்
ஒட்டுப்போட்ட பழைய துணி, என் துணி.
நான்கு லில்லிகள் அங்கே
மூச்சுவிடாமல் ஒளிந்திருந்தன.
நான் சொல்லவில்லை.
எனக்கும் கழுத்து ஒன்றுதான்.

அரைமணியில் தோண்டி எடுத்துவிட்டேன்.
பதிலுக்கு எதை வைப்பதென்று
ஆணை வரும்வரை குழியோடே அச்சடித்தோம்.
சாணுக்கு ஒரு வெள்ளை.
கொடி சுற்றிவந்து
ஒன்றுமில்லாததைத் தொட்டது.
அந்த மாதம்தான் விற்பனை அதிகம்.
வாங்கியவர்கள் காரணம் சொல்லவில்லை.
ஒருத்தி மட்டும், சில்லறை எண்ணுவதற்கு நடுவே,
அந்த வெள்ளையை விரலால் தொட்டாள்,
கைக்குழந்தையின் உச்சிக்குழியைத் தொடுவதுபோல.

பிறகு குல்லாய் வந்தது, சுதந்திரத்தின் குல்லாய்.
ஆப்படித்துச் செருகினேன்.
பிறகு தேனீ.
பேரரசருக்குத் தேனீ பிடிக்குமாம்;
இறக்கைக்குப் பித்தளைக் கம்பி கேட்டார்கள்,
கம்பிக்குக் காசு தரவில்லை.

இருபத்தொரு வருடம் கழித்து
மறுபடி லில்லி.
கேட்டவர் அதே அதிகாரி. கைமடிப்பு புதிது.
செருகிப் பிடுங்கிச் செருகிப் பிடுங்கி
குழியின் ஓரம் தளர்ந்திருந்தது.
அச்சில் இப்போது பூவைச் சுற்றி
மயிரிழையாய் ஒரு வெள்ளை வட்டம் விழுகிறது.
"இதற்கு என்ன பொருள்?"
"பரிசுத்தம், ஐயா" என்றேன்.
குறித்துக்கொண்டார்.

ஒவ்வொரு குழிக்கும் கூலி வந்தது.
நாணயத்தில் முகம்தான் வேறு வேறு.
ரொட்டிக்காரன் எல்லாவற்றையும்
கடித்துப் பார்த்தே வாங்கினான்.

கொடியைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.
அது எதற்கும் அடையாளமில்லை போலும்.
கட்டைக்குக் கட்டை
நுனி மாறாமல் போய்ச் சேருவது அதுதான்;
அது பிசகினால் துணி குப்பை.

லில்லி என்று பெயரே தவிர
மூலம் ஆற்றங்கரை ஐரிஸ் என்கிறார்கள்.
சேன் நதிச் சேற்றில் மஞ்சளாய் நிற்கிறது.
மாதங்களுக்கே பெயர் மாற்றிப் பார்த்த வருடங்களிலும்
தன் மாதத்தில்தான் பூத்தது.
நேற்று யாருடைய பசுவோ
அதில் ஒன்றைக் கடித்து, மென்று,
யோசித்து,
துப்பியது.