செருப்பு வருது

டர்பன் விடியற்காலைச் சந்தையில்
முள்ளங்கி கழுவின தண்ணீர் காலடியில் ஓடும் நேரம்,
எங்கள் எதுகையை எங்களிடமே கொண்டுவந்து விற்றவன்
ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்.

பெயர் ஹெர்பர்ட்.
லண்டன் கப்பல்துறைப் பக்கத்து வாயில் அது எர்பர்ட்.
ஹவுஸ் அவனுக்கும் அவுஸ், எங்களுக்கும் அவுஸ்.
அதில்தான் முதல் சிரிப்பு.

அவன் தெருவில் மாடிப்படிக்கு ஆப்பிள் என்பார்களாம்.
எப்படிடா, என்றான் சின்னதுரை படையாச்சி.
ஸ்டேர்ஸ், பேர்ஸ். ஆப்பிளும் பேர்ஸும்.
பேர்ஸை முழுங்கிவிடு, ஆப்பிள் மிச்சம்.
அடப்பாவி, வாலறுத்த எதுகை! என்றாள்
பஜனைக்குப் பாட்டுக் கட்டும் லோகாம்பாள்.

ஒரே வாரம். சந்தை முழுக்க வால் அறுந்தது.
சொத்தைக்கு அத்தை, மதுரை அத்தை;
அத்தையைத் தள்ளினால் மதுரை.
"அம்மாவுக்கு ரெண்டு ராத்தல் மதுரைக் கத்தரி போடு."
ஊர்க் காயென்று பூரித்து வாங்கிப் போனாள்
டாக்டர் வீட்டம்மா.
பணத்துக்குப் பூ, மணம் போன பூ.
பொய்க்குப் பசு (நெய்யை நீங்களே கடைந்துகொள்ளுங்கள்).
சாவுக்கு மீலி,
இங்கே தினம் கிண்டித் தின்கிற மீலி மாவு.
அதை மட்டும் யாரும் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

போலீஸுக்குச் செருப்பு.
பாலிஷ் போன செருப்பு.

"செருப்பு வருது!"
கள்ளப் படிக்கல் கோஸுக்கடியில் ஓடும்.
எர்பர்ட் அப்போதுதான் குனிவான்,
பூட்ஸ் நாடா கட்ட.
கட்டியிருக்கிற நாடாவை
அவிழ்த்து, மறுபடி கட்டுவான்.
மடையன் என்றோம்.

பாஸ் சோதனை வந்த அன்று
தொகோசிலே கீரைக்கட்டோடு எனக்கு எதிரே,
மூணடி தள்ளி.
செருப்பு! என்று கத்தினேன்.
கொஞ்சம் தமிழ் தெரியும் அவளுக்கு.
குனிந்து
தன் வெறுங்காலைப் பார்த்தாள்.
வாலை அறுத்த நாங்கள்
அவளிடம் அதைச் சொல்லி வைக்கவில்லை.
எர்பர்ட்டும் அன்று நாடா கட்டவில்லை.
வேனில் மேலதிகாரி இருந்தான் என்றார்கள் பிறகு.
இருந்திருக்கலாம்.
பசுவாகவும் இருக்கலாம்.

ஆகஸ்டில் ஒருநாள் தொப்பியைக் கையில் பிடித்து வந்தான்.
சட்டைப்பையில் தந்தி.
இங்கிலீஷில் ஆரம்பித்து, நின்று,
அம்மா, என்றான்.
அப்புறம்,
மீலி.

படையாச்சி கையிலிருந்த முருங்கைக்கட்டு அப்படியே நின்றது.
தெரிந்திருக்கிறது.
மதுரை, பூ, பசு, செருப்பு.
முதலிலிருந்து, எல்லாம்.

ஒரு ராத்தல் தக்காளி கேட்டான்.
ஓசியிலேயே எடுத்துப் பழகினவன்
பூவை நீட்டினான்.
பழக்கத்தில் என் கை கோஸுக்கடியில் போனது.
இழுத்துக்கொண்டு,
நிஜக் கல்லைத் தேடி எடுத்து வைத்தேன்.
தட்டு இறங்க நேரமாயிற்று.

மூணடி தள்ளி, அதே இடத்தில்
வேறொருத்தி கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.