பவுடர் கோடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
தோலுக்கென்று ஒரு நிறம் கிடையாது.
மென்பொருளில் மட்டும் இருக்கிறது:
‘ஸ்கின்’ என்று பெயர் போட்டு
பஞ்சுமிட்டாயில் பால் ஊற்றினாற்போல் ஒரு சதுரம்.
நான் பார்த்த யாருக்கும் அந்தத் தோல் இல்லை.
சதுரத்தைச் செய்தவருக்கு இருக்கலாம்.

சிந்தாதிரிப்பேட்டையில்
மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடி.
கறுப்பு வெள்ளையில் தங்கிவிட்டவர்களைக்
கலருக்குக் கொண்டுவருவது பிழைப்பு.
இந்த ஊரில் கலர் என்றால் வேறு அர்த்தம்.
தெரிந்துதான் போர்டு எழுதினேன்.

‘எங்கம்மாவ நல்லா கலரா போட்டுக் குடுத்துரும்மா’
என்றார் கன்னியப்பன்.
காசிமேட்டில் ஐஸ் லோடு இறக்குகிறவர்.
மகள் கல்யாணத்தில் மேடையோரம் வைக்க வேண்டுமாம்.
பால் பாக்கெட் கவருக்குள் ஒரே ஒரு படம்,
மூலையில் பூஞ்சை.
பூங்காவனம். எடுத்தது எழுபத்தெட்டில்.
எண்பத்திமூன்றுக்கு மேல் எடுக்க ஆளில்லை.

சாம்பல் மேல் நிறத்தை அப்படியே ஊற்றினால்
மெழுகு பொம்மை எழுந்து உட்காரும்.
அதனால் அடுக்கடுக்காக.
நெற்றிக்குக் கொஞ்சம் மஞ்சள்.
மூக்கு நுனி, காது மடல், விரல் கணு,
ரத்தம் எட்டிப்பார்க்கிற இடமெல்லாம் சிவப்பு.
கண்ணுக்கடியில் கத்தரிப்பூ.
உதட்டுக்கு ரோஸ் ஆகாது;
நாவல்பழம் தின்ற மறுநாள் இருக்குமே, அது.
நிழலில் மட்டும் கறுப்பைத் தொடக்கூடாது.
நிழலுக்குள்ளும் தோல்தானே இருக்கிறது.

எல்லாம் செய்தேன்.
பூங்காவனம் வரவில்லை.
முகம் வெளுப்பு, கழுத்து இருட்டு.
கழுத்தை முகத்துக்கு இழுத்தால்
யாரோ ஒரு கணக்கு டீச்சர்.
முகத்தைக் கழுத்துக்கு இழுத்தால்
கன்னமெல்லாம் அடுப்புக்கரி.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
ஃபேன் நின்று, வேர்த்துக் கொட்டி,
கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தேன்.
கைக்குட்டையில்
என் காலை நேரத்து முகம்.

அட.

கரண்ட் வந்ததும் பெரிதாக்கிப் பார்த்தேன்.
தாடைக்குக் கீழே ஒரு கோடு,
கேமராமேன் அவசரப்படுத்தியதில்
பூசாமல் விட்டது.
கோட்டுக்கு மேலே பவுடர்.
கீழே பூங்காவனம்.

கழுத்திலிருந்து நிறம் எடுத்தேன்.
புளியங்கொட்டையைத் தரையில் தேய்க்குமுன்
உள்ளங்கையில் வைத்துப் பார்ப்போமே, ஏறக்குறைய அது.
முகம் முழுக்க அதையே பரப்பினேன்.
பிறகு தனி அடுக்கில்
நானே பூசிவிட்டேன், பதினெட்டு சதவீதம்.
கறுப்புத் தோலில் பவுடர் வெள்ளையாவதில்லை,
லேசாக ஊதா கலந்த சாம்பலாகும்.
விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.
வேர்வை இறங்கிய காதோரம்
அழிப்பானால் ஒரே ஒரு இழுப்பு.

கன்னியப்பன் பார்த்ததும்
‘கலரா கேட்டேனேம்மா’ என்றார்.
நான் பேசவில்லை.
பிறகு திரைக்கு வெகு கிட்டே வந்து
தாடையோரம் விரல் வைத்தார்.
ஐஸ் வெடித்த விரல். மானிட்டரில் ஈரம்.
சிரித்துவிட்டார்.
‘கல்யாணத்துக்குப் போசொல்லோ இப்டித்தான் பூசிக்கும்.
மாவு மில்லுல வேலைக்குச் சேந்துட்டியான்னு
எங்கப்பா கேப்பாரு.’

‘பவுடரை எடுத்துடட்டுமா?’

‘வாணாம்மா. கல்யாணந்தான.’

நானூறு சொன்னேன்.
முந்நூற்றைம்பதுக்குத்தான் சில்லறை இருந்தது,
அல்லது அப்படிச் சொன்னார்.

மறுநாள் வேலையாக
அந்தப் பஞ்சுமிட்டாய்ச் சதுரத்துக்குப் பெயர் மாற்றினேன்.

சாயந்திரம் பறக்கும் ரயிலில்
வாசற்படியில் நின்ற பையனின் காதுக்குப் பின்னால்
சூரியன்.
மடல் முழுக்கப் பற்றிக்கொண்டு
நரம்பு தெரிய ஒரு சிவப்பு.
இத்தனை வருஷத்தில்
ஒருமுறைகூட நான் கலக்காதது.
குறித்துக்கொள்ளப் பையில் பேனா தேடுவதற்குள்
வண்டி வளைந்துவிட்டது.
காது
பழையபடி காது.