பக்கக்காற்று

வானிலையியல் தாளில் இருமுறை தோற்றேன்.
எழுபது வேண்டும்;
அறுபத்தெட்டு, அப்புறம் அறுபத்தொன்பது.
நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார்கள்.
காற்று என்று வந்தால்
எனக்கு நான்கும் சரியாகவே படுகிறது.

இன்று நூற்று நாற்பத்தியோராவது மணி. தனியாக.
கமலாபுரத்தில் ஏறி,
பவானி காவிரியில் கலக்குமிடத்தை
வரைபடத்தில் பென்சிலால் டிக் அடித்து,
அவிநாசிக்கு மேல் ரேடியோவில் உயரம் சொன்னேன்.
யாரோ சளி பிடித்தவள் பேசுவதுபோல் இருந்தது.

மணிக்குப் பதினாலாயிரம்.
அப்பாவின் இரண்டு கொட்டகைக் கோழி
ஈரோட்டோடு தீர்ந்தது.
மிச்ச தூரம்
பெரியம்மா தள்ளி எடுத்த ஏலச்சீட்டு.

பீளமேடு. ஓடுபாதை இருபத்திமூன்று.
வலப்புறம் பாலக்காட்டுக் கணவாய்
ஆடிமாதத்தை அப்படியே திறந்துவிட்டிருந்தது.
வலது இறக்கையைத் தாழ்த்து, இடது காலை அழுத்து,
கோணலாய் இருந்தால்தான் நேராகப் போகும்.
ஒற்றைச் சக்கரம் முதலில் தொட்டது.
மற்றொன்று யோசித்தது.
பிறகு அதுவும்.

எண்ணெய் வண்டிக்காரர் குழாயை இழுத்தபடி கேட்டார்:
“ஏனுங், மேல காத்து எப்படிங்?”
“நாலும் சரிங்” என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.

பதிவேட்டில் ஐம்பத்தாறு நிமிடம்.
குறிப்பு என்ற கட்டத்தில்
‘காற்று’ என்று தொடங்கி நிறுத்தினேன்.
அடித்தெழுதக் கூடாது என்பது விதி.
அப்படியே கிடக்கிறது.