பழம் நழுவி

இரவு ஷிஃப்டில் மெழுகுத் தெளிப்பான் என் பொறுப்பு.
யாக்கிமா பள்ளத்தாக்கு, அக்டோபர்.
ஆப்பிள்கள் முதலில் குளிக்கும்,
குதிரைமயிர்த் தூரிகைகளின்மேல் புரளும்,
பிறகு என்னிடம் வரும்.
கழுவும்போது அவற்றின் சொந்த மெழுகும் போய்விடுகிறது.
போனதைத்தான் திருப்பித் தருகிறேன் என்று
பதினோரு வருடம் நினைத்திருந்தேன்.

அலுவலகத்தில் ஆளில்லை.
தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.
எடுக்கக் கூடாது.
குழாயை மூடிவிட்டுப் போய் எடுத்தேன்.

பெயர் மார்லிஸ்,
வடக்கு டகோட்டாவில், மைனாட்டில், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.
பெட்டியின் அடியில் இந்த எண் இருந்ததாம்.

அவள் பாலைத் தொட்டுப் பத்தொன்பது வருடம்.
ரொட்டி உறையின் பொடி எழுத்தைக்கூட
கடையில் நின்று பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பவள்.
ஆப்பிளில் படிக்க என்ன இருக்கிறது?
நாலு இலக்கம் ஒட்டிய ஒரு சின்ன வட்டம்.

திங்கட்கிழமை, பிள்ளைகள் எல்லோரும் இறங்கிய பிறகு,
காலிப் பேருந்தில் ஒன்றைக் கடித்தாள்.
முதலில் உதடு. பிறகு நாக்கு தடித்தது.
ஊசி கையுறைகளுக்கு அடியில் எங்கோ கிடந்தது.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்கள் மருத்துவமனையில்.
ஆப்பிள்.
கூட என்ன?
ஆப்பிள்தான்.
வேறு?
காரணம் தெரியவில்லை என்று எழுதி
வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"அதன்மேல் என்ன பூசுகிறீர்கள்?"

ரிசீவரை மேசையில் கவிழ்த்துவிட்டு ஓடினேன்.
பீப்பாயில் கொட்டை எழுத்தில் உணவுத்தரம் என்றிருந்தது.
கழுத்தில் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் மூன்று தாள்,
இதுவரை யாரும் பிரிக்காதவை.
முதல் தாளில் பனைமெழுகு.
அடுத்ததில் அரக்கு, அதாவது பூச்சி.
வால் கீழே வளைந்தால் பூச்சு,
மேலே சுழித்தால் பூச்சி.
மூன்றாம் தாளின் கடைசியில், அடைப்புக்குறிக்கு வெளியே,
ஏதோ மறந்துபோய்ச் சேர்த்ததைப் போல,
பால் புரதம், சிறிதளவு.

செப்டம்பரில்தான் பீப்பாய் மாறியது.
பழையது விலை ஏறிவிட்டது.
அதே மெழுகுதான் என்றார் டெல்பர்ட்,
நானும் அதே மெழுகுதான் என்று பூசினேன்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தால் யோகம் என்பார்கள்.
அவளுக்கு அப்படியே விழுந்தது.
யோகம் தொண்டையைப் பிடித்தது.

திரும்பி வந்து சொன்னேன்.
அவள் கத்தவில்லை.
அந்த வார்த்தையை எழுத்துக்கூட்டச் சொன்னாள்,
பென்சில் உரசும் சத்தம் கேட்டது.
"தோலை உரித்துத் தின்றால்?"

பூசி மெழுகத் தெரிந்தவன் நான்,
எனக்குக் கூலியே அதற்குத்தான்.
ஒன்றும் ஆகாது அம்மா என்று
வாய்வரை வந்துவிட்டது.
தோலைச் சீவும் கத்தி
சதைக்குள்ளும் போகும் என்பது நினைவுக்கு வந்தது.
தெரியாது என்றேன்.

"சரி. அப்படியானால் நான் பைத்தியம் இல்லை,"
என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.
என் பெயரைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

வரிசைக்குத் திரும்பினால் டெல்பர்ட் நிற்கிறார்.
நாற்பது நிமிடத்துப் பழம் மங்கலாகவே போய்ப்
பெட்டியில் அடுக்கியாகிவிட்டது.
எலீசியோ, தூங்கினாயா என்றார்.
ஆமாம் என்றேன்.
தாள்களைப் பற்றி அன்றைக்குச் சொல்லவில்லை.
வாடகை ஐந்தாம் தேதி.

எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டி மறுபடி அனுப்பினார்கள்.
விடியும்வரை பூசினேன்,
ஒன்றைத் தவிர.
அது சட்டைப்பையில் வீட்டுக்கு வந்தது.
ஜன்னலோரம் வைத்தேன்.
வியாழக்கிழமை காம்பைச் சுற்றிச் சுருங்கத் தொடங்கியது.
மெழுகு எதற்கு என்பதும் தெரிகிறது.

மூன்றாம் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது,
நாலாக மடித்து.
இன்றைக்கு டெல்பர்ட் ஆறு மணிக்கு வருவார்.