இடது மிதவை

பதினோரு காலை
வண்டிக்கடியில் விரித்த செய்தித்தாளில்
ஒரே இடத்தில் ஈர வட்டம்.
பெட்ரோல் பட்ட தாள் கண்ணாடியாகி
பின்பக்கத்துக் கண்ணீர் அஞ்சலி
முன்பக்கத்துக் கல்யாண மண்டபத்தில்
இடவலம் மாறித் தெரியும்.

மாடிவீட்டு செண்பகவல்லி டீச்சர்
விளக்கேற்றும் முன்
ஜன்னல் வழியே கேட்பார்:
"தம்பி, குச்சி உரசலாமா?"
கேலியா பயமா தெரியாது.
லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல்
என் சிமென்ட் தரை குடித்துக்கொண்டிருந்தது.

எண்பத்தாறாம் வருடத்து ஆர்.டி.
இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர்.
வலது யோக்கியன்.
இடது,
டேங்க் குழாயை மூடினால்தான் வாயை மூடும்.

ஊசி மாற்றினேன். ஊசியின் இருக்கை மாற்றினேன்.
கேஸ்கெட் இரண்டு முறை.
கோரிமேட்டு அன்வர்தீன் வந்து குந்தி
ஸ்க்ரூடிரைவர் பிடியால் கிண்ணத்தைத் தட்ட,
நின்றது.
நின்றதால் நம்பினோம்.
அவர் தெருமுனை திரும்புமுன் சொட்டு.
"புதுசாவே வாங்கிடுங்க சார்,
பாங்காக் சரக்கு, பதினெட்டாயிரம்."
சேகோ ஆலையில் ஜவ்வரிசியின் வெண்மை அளந்து
நான் வாங்கும் சம்பளம் அவருக்குத் தெரியும்.
தெரிந்துதான் சொன்னார்.

ஞாயிறு மதியம், கரண்ட் இல்லை.
வேறு வேலையில்லாமல்
மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டினேன்.
முற்றிய தேங்காய்போல்
களுக்.

ஊசி பாவம்.
கிண்ணம் நிறைந்ததும் எழுந்து
கதவைச் சாத்தவேண்டிய பித்தளை
வயிறு முட்டக் குடித்துவிட்டு
அடியில் படுத்துக் கிடந்திருக்கிறது.
கொதிநீரில் அமிழ்த்தினேன்.
ஒட்டின ஓரத்திலிருந்து வரிசையாகக் குமிழ்.
கடுகில் பாதிகூட இல்லாத துளை.

சிவதாபுரத்தில் சந்திரமதி,
கொலுசுக்குக் கண்ணி பற்றவைப்பவள்.
வெள்ளி ஏறிய ஏற்றத்தில்
மூன்று வாரமாக ஆர்டர் இல்லை,
சும்மாதான் இருக்கிறாள் என்றார்கள்.
வாங்கி மோந்தாள்.
"உள்ள என்ன?"
"பெட்ரோல்."
டார்ச்சை அணைத்தாள்.
"ஊத்திட்டு, ரெண்டு நாள் வெயில்ல போட்டு எடுத்துட்டு வாங்க.
எனக்குப் புருவம் வேணும்."

செவ்வாய்.
வெள்ளிப் பொடிக்கு வேண்டிய சூட்டை
இந்தப் பித்தளை தாங்காதாம், ஈயம் போதுமாம்.
பாதியை ஈரத்துணியில் சுற்றினாள்.
சூடேறிய கம்பியால் ஒரு தொடுதல்.
இழை போலப் புகை.
முடிந்ததென்று கை நீட்டினேன்.

"இதோட ஜோடி எங்க?"
"அது நல்லாத்தான் இருக்கு."
"நல்லாருக்கான்னு நான் கேட்டனா?
ஒத்தைக் கொலுசு எவளாச்சும் போடுவாளா?"

திரும்பிப் போய்,
பதினோரு நாளாக ஒரு குற்றமும் செய்யாத
வலதைத் திறந்து,
இரண்டு பஸ் மாறி
மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

கண்ணாடிக் கூண்டுக்குள் மில்லிகிராம் தராசு.
ஈயம் தின்றது கனம்.
அரத்தால் ஓர் இழுப்பு, எடை.
ஓர் இழுப்பு, எடை.
பலகையில் உதிர்ந்த தூளைப் பழக்கத்தில்
உள்ளங்கைக்கு வழித்தவள்
ஈயமென்று நினைவு வந்து ஊதிவிட்டாள்.
எண்கள் ஒன்றானபோது
அவள் முகத்தில் ஒன்றுமில்லை.
நாற்பது ரூபாய் என்றாள்.

புதன் விடியுமுன் ஏற்காடு ஏறினேன்.
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும்
சாய்ந்து, மோந்து, நிமிர்ந்து.
பதினாறாவதில் மனசு கேட்கவில்லை.
நிறுத்தி
கிண்ணத்தின் அடியை விரலால் துடைத்தேன்.
ஈரம்.
மூக்கருகே கொண்டுபோனேன்.
பனி.
நாக்கில் வைத்தும் பார்த்தேன்,
பனிதான்.

வியாழன் காலை தாள் மொடமொடவென்று இருந்தது.
வண்டிக்கடியில் தலையை நுழைத்து
முதன்முறையாக வாசித்தேன்.
இறந்தவர் இறந்த பக்கத்திலேயே இருந்தார்.
வெள்ளி கிராமுக்கு நாலு ரூபாய் இறக்கம்.
அவளுக்குச் சொல்லலாம்.
நம்பர் வாங்கவில்லை.

மாடியில்
கேள்வி எதுவும் வராமல்
தீக்குச்சி உரசும் சத்தம்.