ஆற்றை ஆயுள்

கையேட்டில் ஒரு வரி போட்டிருக்கிறான் யப்பான்காரன்:
இந்தக் கியர் ஒயில் ஆயுள் முழுக்கப் போதும்.
றெஜினோல்ட் காருக்குக் கீழே படுத்தபடி கேட்கிறான்,
"ஆற்றை ஆயுள் மிஸ்? உங்கடையோ, காரின்ரையோ,
இல்லாட்டி வாறன்ரி முடியிற மட்டுமோ?"

எனக்குத் தெரியாது.
கந்தர்மடச் சந்தியால் எல் போட் கட்டி ஓடுகிற கார் இது.
மூன்றரை வருசத்தில் ஐம்பத்தாறு பேர்,
முக்கால்வாசி பெண்கள்,
கார் நிற்க முதலே றிவேர்சுக்கு இழுத்தவர்கள்.
வங்கியில் காசு எண்ணும் சாந்தரூபி
பிரேக்கையும் அக்சிலேற்றரையும் ஒன்றாய் மிதித்து
கன்னாதிட்டியில் ஒரு லொறிக்கு முன்னால் அழுதாள்.
கார் அழவில்லை.
உள்ளே எங்கோ ஒரு தட்டு இன்னொரு தட்டில் உரசி
அந்தக் கணத்தை ஒயிலில் கரைத்து வைத்தது.

அளவுக்கம்பியை இழுத்துக் கடதாசியில் துடைக்கிறான்.
றோஸ் சர்பத் நிறத்தில் போன சாமான்
சாயம் கூடின பிளேன்ரீயாய் வருகிறது.
"மணந்து பாருங்கோ."
கருக விட்ட உழுத்தம்மா.

என்னிடம் இரண்டு ரின் இருந்தது.
பெற்றோல் வரிசையில் விடிந்த வருசம்
இனி ஒன்றும் வராதாம் என்று ஆரோ சொல்ல
ஒரு சோடிக் காப்பை அடகு வைத்து வாங்கினது.
ஒன்று சீல் உடைக்காதது.
மற்றது அரை ரின். மூடியை இறுக்கித்தான் வைத்தேன்,
குசினிப் பத்தியில்,
மண்ணெண்ணெய்க் கானுக்குப் பக்கத்தில்.

அரை ரின்னில் ஒரு சொட்டெடுத்து
சூடாக்கின தகரத்தில் விட்டான்.
சடசடத்தது.
"தண்ணி. ரெண்டு மாரி குடிச்சிருக்கு."
கார்த்திகையில் அப்பளமே நமுத்துப்போகிற ஊரில்
ஒயிலை மட்டும் எப்படி நம்பினேன்?
ரின்னின் விலையை வாய்க்குள் ஒருக்கால் சொன்னேன்.
அவன் கேளாத மாதிரி நட்டைக் கழற்றினான்.

சீல் உடைக்காததின் அடியில் திகதி.
ஐந்து வருசம் ஆக இன்னும் நாலு மாதம்.
"காணும். குலுக்கிப்போட்டு ஊத்துவம்."

வடிந்தது. வடிய விட்டோம்.
சோடாப் போத்தில்களில் அளந்தோம்,
இரண்டு போத்தில், பிறகு மூன்றாவதில் முக்கால்.
வந்த அளவுதான் திரும்ப உள்ளே.
"முழுக்க வராது மிஸ். பாதி உள்ளுக்கு ஒளிச்சு நிக்கும்.
ஆயிரம் கிலோமீற்றர் ஓடிப்போட்டு வாங்கோ, திரும்ப மாத்துவம்."
அப்போதும் பாதியின் பாதி நிற்கும்.
அதற்குப் பிறகு அதிலும் பாதி.
பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் கெட்டிக்காரி,
அது ஒருநாளும் பூச்சியத்துக்கு வராது.

மற்ற நாள் காலமை, நாவற்குழியிலிருந்து பஸ்ஸில் வரும் கௌசிகா.
"நில். முழுக்க நிண்ட பிறகு மாத்து," என்றேன்.
ஓம் மிஸ் என்றவள்
நிற்க முதலே இழுத்தாள்.
டக்.
ஐம்பத்தேழு.

பின்னேரம் பக்கத்து வளவுத் தவேந்திரம் வந்து
பழைய ஒயில் போத்தில்களைக் கேட்டார்.
ஆட்டுக்கொட்டில் கப்புகளில் கறையானாம்.
பொச்சுத் தும்பால் தொட்டுத் தொட்டு
அடி மரத்தில் பூசிக்கொண்டிருந்தார் இருட்டும் வரை.
ஐம்பத்தாறு பேரின் பயம்
இப்போது ஆறு ஆடுகளைத் தாங்கி நிற்கிறது.
கறையான் இன்னும் கிட்ட வரவில்லை.